நகரப் பெண்டிரின் உடல்நலம்: உணவும் உடற்பயிற்சியும்

1898-ஆம் ஆண்டில் பெங்களூர் நகரைப் பிளேக் நோய் தாக்கியது. பழைய பேட்டைப் பகுதியின் குறுகிய தெருக்களிலும், காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளிலும் நோய் வேகமாகப் பரவிற்று. அன்றைய மைசூர் அரசு இதற்கு மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஊருக்கு வெளியே அகன்ற சாலைகளும், இடைவெளி விட்டு அமைந்த மனைகளும், வீடுகளுக்குப் பின்னால் துப்புரவுச் சந்துகளும் கொண்ட புதிய குடியிருப்புகள் உருவாயின. அவற்றுள் ஒன்று மல்லேஸ்வரம்; மற்றொன்று பசவனகுடி. நோயைத் தடுப்பதற்காக ஓர் ஊரின் அமைப்பையே மாற்றிய முயற்சி அது.

இன்று அதே மல்லேஸ்வரத்தில் குடும்பங்களை அச்சுறுத்துவது பிளேக் அன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், இதய நோய் ஆகியவை அதன் இடத்தைப் பிடித்துள்ளன. இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவன அல்ல. ஆனால் வாழ்க்கை முறையோடு நெருங்கிய தொடர்புடையவை. இவற்றைத் தவிர்க்கும் வழி யாவரும் அறிந்ததே: அளவான உணவு, ஒழுங்கான உடற்பயிற்சி. அறிந்திருந்தும் பெண்களால் அதனைக் கைக்கொள்ள இயலாமற் போவது ஏன்? அவர்களுடைய மன உறுதிக் குறைவே காரணம் என்று கூறுவது எளிது. வீட்டில் உணவும் நேரமும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை ஆராய்ந்தால் வேறு விடை கிடைக்கிறது.

வளர்சிதை மாற்றக் கோளாறு

நாம் உண்ணும் உணவை உடல் சக்தியாக மாற்றுவதும், மிஞ்சியதைச் சேமிப்பதும் வளர்சிதை மாற்றம் எனப்படும். உணவிலுள்ள மாவுச்சத்து குளுகோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள்ளும் பிற திசுக்களுக்குள்ளும் செலுத்துகிறது. தசைகள் உழைப்பின்றி இருந்து, வயிற்றுப் பகுதியிலும் கல்லீரலிலும் கொழுப்புச் சேரும்போது இன்சுலினின் வலிமை குன்றுகிறது. அதை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஒரு கட்டத்தில் அதுவும் தளர்ந்துவிட, இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது.

இக்கோளாற்றைக் கண்டறிய மருத்துவர்கள் ஐந்து அளவுகளைக் கொள்கின்றனர். தெற்காசியப் பெண்களைப் பொறுத்தமட்டில் அவை: இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 50-க்குக் கீழ். இவற்றுள் மூன்று சேர்ந்து காணப்படின், அதனை வளர்சிதை மாற்றக் கோளாறு என்று கொள்வர்.

இந்தியர்களின் உடலமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில், அதே எடையுள்ள இந்தியரின் உடலில் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. ஆகவே, பார்வைக்கு மெலிந்த பெண்ணுக்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்திருக்கக் கூடும். எடை பார்க்கும் கருவியைக் காட்டிலும் தையற்காரரின் அளவு நாடா இங்கே நம்பத் தகுந்த வழிகாட்டியாகும்.

பெண்ணின் வாழ்வில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பருவங்கள் மூன்று. இளமையில் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களிடம் இன்சுலின் வலிமைக் குறைவு பரவலாகக் காணப்படுகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை உயர்ந்து, பிரசவத்திற்குப் பின் இயல்புக்குத் திரும்பிய பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மாதவிடாய் நின்ற பின்னரோ கொழுப்பு வயிற்றுப் பகுதியை நாடுகிறது. தசையும் எலும்பும் வலுவிழக்கின்றன.

புள்ளி விவரங்கள்

2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 24 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். முந்தைய ஆய்வில் (2015-16) இது 20.6 ஆக இருந்தது. கர்நாடகத்தில் 30 பேர். தமிழ்நாட்டில் 40 பேர். இடுப்புச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் கவலை தருகிறது. நூற்றுக்கு 56.7 பெண்கள் ஆபத்து வரம்பைத் தாண்டியுள்ளனர். ஆண்களில் இது 47.7 மட்டுமே.

இதே ஆய்வு கூறும் மற்றோர் உண்மை: நூற்றுக்கு 57 பெண்கள் இரத்தசோகை உடையவர்கள். உடலில் கொழுப்பு மிகுதி, இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு என்ற இரண்டும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே பெண்ணிடம், சேர்ந்து காணப்படுகின்றன. எனவே, பெண்களை நோக்கிக் ‘குறைவாக உண்ணுங்கள்’ என்று பொத்தாம் பொதுவாக அறிவுரை கூறுவது பொருந்தாது. உணவின் அளவைவிட அதன் கலவையே முதலில் திருத்தப்பட வேண்டும்.

தட்டில் இருப்பவை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது. பெரிபெரி என்னும் சத்துக் குறைவு நோயை ஆராய்வதே அதன் தொடக்கப் பணி. அந்நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம் நாட்டின் நோய்ச் சுமையில் நூற்றுக்கு 56.4 பங்கு சரியற்ற உணவால் விளைவது என்று அது மதிப்பிட்டுள்ளது. மொத்தச் சக்தியில் தானியங்களின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்பது அதன் பரிந்துரை. நடைமுறையில் அது 50 முதல் 70 சதவிகிதம் வரை இருக்கிறது. பருப்பு, இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 14 சதவிகிதம் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ 6 முதல் 9 சதவிகிதமே.

நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அந்நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் இவை: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி லிட்டர், கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம். இவை சமைப்பதற்கு முந்தைய எடைகள். உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு ஏறத்தாழ 1660 கலோரியே போதுமாதலால், தானியமும் எண்ணெயும் இதனினும் சற்றுக் குறையலாம்.

ஒவ்வொரு வேளையும் நிறுத்துப் பார்த்து உண்பது எந்தக் குடும்பத்திலும் நடவாத காரியம். மாதாந்திர மளிகைப் பட்டியலைச் சோதிப்பது எளிது. வயது வந்தோர் நால்வர் உள்ள வீட்டில், மேற்கண்ட கணக்கின்படி அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்ந்து 30 கிலோ, பருப்பும் பயறும் 10 கிலோ, எண்ணெயும் நெய்யும் 3¼ கிலோ ஆகின்றன. பல வீடுகளில் அரிசி மூட்டை இந்த அளவை எட்டுகிறது, எண்ணெய் தாண்டிவிடுகிறது, பருப்போ பாதியைக்கூடத் தொடுவதில்லை. குறையும் மிகுதியும் எங்கே என்பதை இப்பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு விலையும் ஒரு காரணம். பொது விநியோக முறையால் தானியம் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கிறது. பருப்பும் காய்கறியும் சந்தை விலைக்கு வாங்கப்பட வேண்டியவை. மற்றொரு புறம், நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் பானங்களும் பதப்படுத்திய உணவுகளும் பெற்ற பங்கு 2011-12-இல் 8.98 சதவிகிதமாக இருந்து, 2022-23-இல் 10.64 சதவிகிதமாக உயர்ந்தது. வருமானம் உயரும்போது மிகுதிப் பணம் பயற்றுக்குப் போகாமல் பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் போகிறது என்பதே இதன் பொருள்.

மல்லேஸ்வரத்தின் எட்டாவது கிராஸ் சந்தைப் பகுதியில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நல்ல தட்டை அமைக்க முடியும். ஊறவைத்த பாசிப்பருப்புடன் வெள்ளரி, காரட் சேர்த்துச் செய்யும் கோசம்பரி (நம் வீடுகளில் கோசுமல்லி) பண்டிகை நாளோடு நின்றுவிட வேண்டியதில்லை. கீரையையும் பருப்பையும் சேர்த்துக் கடையும் மஸ்ஸொப்பு, குளிர்காலத்து அவரை விதை, முளை கட்டிய கொள்ளு ஆகியவை புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தவை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்வது இரும்புச் சத்து உடலில் ஏற உதவும். உணவோடு உடனே காபியோ தேநீரோ அருந்துவது அதனைத் தடுக்கும்.

கேழ்வரகைப் பற்றித் தனியே கூற வேண்டும். நாட்டிலேயே கேழ்வரகை மிகுதியாக விளைவிக்கும் மாநிலம் கர்நாடகம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். நார்ச்சத்தும் பன்மடங்கு. எலும்பு தேயும் வயதுப் பெண்களுக்கு இது பெரும் நன்மை. எனினும், கேழ்வரகும் ஒரு தானியமே. நைஸாக அரைத்த மாவைச் சர்க்கரையோ வெல்லமோ இட்டுக் கூழாகக் குடித்தால் இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறும். களியாகவோ அடையாகவோ, பருப்பும் கீரையும் சேர்ந்த குழம்புடன், அரிசிக்கு ‘மாற்றாக’ உண்ணும்போதே பயன் தரும். அரிசிச் சோற்றுக்கு மேல் ‘கூடுதலாக’ உண்டால் பயன் தராது. ஏகாதசி போன்ற விரத நாட்களில் சோற்றை விலக்கிச் சவ்வரிசி, உருளைக்கிழங்கு, எண்ணெயில் பொரித்த பலகாரங்களை உண்பதற்கும் இதே கணக்குப் பொருந்தும்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, யாருடைய தட்டில் இருக்கிறது என்பதும் கேட்கத்தக்கது. பல குடும்பங்களில் பெண்கள் கடைசியாக உண்கின்றனர். அதற்குள் கூட்டும் பருப்பும் தீர்ந்து, சோறும் குழம்புமே மிஞ்சுகின்றன. மீந்ததை வீணாக்கலாகாது என்று இரவு நேரங்கழித்து உண்பதும் அவர்களே. குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணும் வழக்கம், செலவில்லாத ஊட்டச்சத்துத் திட்டமாகும்.

வீட்டு வேலையும் உடற்பயிற்சியும்

‘நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறேனே, எனக்குத் தனியே பயிற்சி எதற்கு?’ என்பது பெண்கள் பலரின் கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் விடை அவர்கள் பக்கமே இருந்தது. கிணற்றில் நீர் இறைத்தல், உரலில் இடித்தல், ஆட்டுக்கல்லில் மாவரைத்தல், அம்மியில் அரைத்தல், துணி துவைத்தல் எல்லாம் தோளையும் முதுகையும் காலையும் இயக்கிய கடும் உழைப்பாகும். குழாய் நீர், எரிவாயு அடுப்பு, மிக்சி, கிரைண்டர், சலவை இயந்திரம் ஆகியன அந்த உழைப்பைப் பெருமளவு குறைத்தன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே.

ஆனால் உழைப்பின் கடுமை குறைந்த அளவுக்கு நேரம் குறையவில்லை. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019-இல் இவை முறையே 299, 97 ஆக இருந்தன. பெண்ணின் பங்கு பத்து நிமிடம் குறைந்தபோது ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இன்றைய வீட்டு வேலையின் பெரும்பகுதி, நின்றுகொண்டு செய்யும் இலேசான வேலை. அது களைப்பைத் தருகிறது; பொழுதையும் விழுங்குகிறது; ஆனால் இதயத் துடிப்பை வேண்டிய அளவு உயர்த்துவதில்லை; தசையையும் வலுப்படுத்துவதில்லை. நம் நாட்டு நகரப் பெண்ணின் சிக்கலின் மையம் இதுவே எனலாம்.

இதன் விளைவை உலக அளவிலான கணக்குகளும் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் இது 42.

போதிய உடலியக்கம் என்பது எவ்வளவு? வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான பயிற்சி என்று அந்நிறுவனம் 2020-இல் வகுத்துரைத்தது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் விரைந்த நடை மிதமான பயிற்சியாகும். இதனுடன், வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும்.

இவ்விரண்டாவது பகுதியைப் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். குளுகோஸ் சேரும் முக்கியக் களஞ்சியம் தசையே. இயங்கும் தசை, இன்சுலினின் துணையின்றியும் குளுகோஸை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பற்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய இரு புட்டிகளைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்குதல் ஆகியவற்றுக்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது உணவால் ஏறும் சர்க்கரையை மட்டுப்படுத்தும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்வோரும், கர்ப்பிணிகளும், மூட்டு நோயாளிகளும் மருத்துவரைக் கலந்த பின்னரே புதிய பயிற்சியையும் உணவு மாற்றத்தையும் தொடங்குதல் நலம்.

ஆய்வுகள் தரும் நம்பிக்கை

இத்தகைய எளிய மாற்றங்களால் நோயைத் தடுக்க முடியுமா என்பது சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை ஏறும் நிலையிலிருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுள் 55 சதவிகிதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் இது 39.3 சதவிகிதமாகக் குறைந்தது. மாத்திரை உட்கொண்ட பிரிவிலும் ஏறத்தாழ இதே பலன்தான். மாத்திரைக்கு ஈடாக நடையும் உணவும் செயற்படும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

ஆயினும், அந்த 531 பேரில் பெண்கள் 110 பேரே என்பதையும் கருத வேண்டும். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கலந்துகொண்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டோரில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். அங்கே, வாரம் 150 நிமிடப் பயிற்சியும் 7 சதவிகித எடைக் குறைப்பும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு 58 சதவிகிதம் குறைந்தது. எனவே, பெண்களுக்கு இவ்வழி பயன் தராது என்பதற்கு இடமில்லை. அவர்களை அவ்வழியில் சேர்ப்பதே எஞ்சியுள்ள பணி.

நேரத்தைப் பங்கிடுதல்

வாரத்திற்கு 150 நிமிடம் என்பது நாளொன்றுக்கு 22 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. பெண் செலவிடும் 289 நிமிட வீட்டு வேலையில் இது பதின்மூன்றில் ஒரு பங்கு. காய் நறுக்குதல், பாத்திரம் துலக்குதல், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கணவரோ வளர்ந்த மகனோ நாள்தோறும் ஏற்றுக்கொண்டால் அந்த நேரம் கிடைத்துவிடுகிறது. கூடுதலாகப் பொழுதை உண்டாக்க யாராலும் முடியாது. இருப்பதை மாற்றிப் பங்கிடவே முடியும். பெண்ணை அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நடக்கச் சொல்வது பங்கீடு ஆகாது. உறக்கம் குறைந்தால் பசியும் சர்க்கரையும் கூடுமாதலால், அது நோக்கத்தையே கெடுக்கும்.

அரசு செய்யத்தக்கவை

மல்லேஸ்வரத்தை ஒட்டி, 1882-இல் கர்னல் ரிச்சர்ட் சாங்கி அமைத்த ஏரி உள்ளது. அதன் கரையிலுள்ள நடைபாதை காலை மாலைகளில் நடப்போருக்குப் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் வீட்டு வேலை காரணமாகக் காலையிலும் மாலையிலும் வர இயலாத பெண்களுக்கு முற்பகலிலும் பிற்பகலிலும் நடக்க இடம் வேண்டும். நாட்டின் எந்த நகராட்சிப் பூங்காவாயினும், அதன் திறப்பு நேரம், நிழல், விளக்கு, கழிப்பறை ஆகியவற்றை முடிவு செய்யும்போது இக்கணக்கை முன்வைத்துக்கொள்ள வேண்டும். உடைந்த நடைபாதை, சுகாதாரத் துறையின் கணக்கில் வராத ஒரு சுகாதாரக் கேடு. கடைக்கும் மெட்ரோ நிலையத்திற்கும் அச்சமின்றி நடந்து போக வழியிருப்பின், பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

முப்பது வயதைக் கடந்தோர் அனைவரையும் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்காகச் சோதிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவும், வாரம் 150 நிமிட உடலியக்கம் உண்டா என்பதும் கேட்கப்படுகின்றன. படிவம் நிரம்புவதோடு பணி முடிந்துவிடலாகாது. சுற்றளவு மிகுந்த பெண்ணுக்கு அடுத்த மாதம் யார் வழிகாட்டுவது என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை உயர்ந்த பெண்களைப் பிரசவத்தோடு கைவிடாமல் ஆண்டுதோறும் சோதித்து வருதல், மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் முதலீடாகும். ரேஷன் கடைகளில் கேழ்வரகும் பருப்பும் சேருமிடங்களில், வறிய குடும்பங்களும் நல்ல தட்டை அமைத்துக்கொள்ள இயலும்.

சாதாரணக் குடும்பத்தில் தாய்க்கு நாற்பது வயதில் நீரிழிவு வந்தால், அதன் செலவு மருந்துக் கடையோடு நிற்பதில்லை. அவளது வருமானம், பிள்ளைகளின் கல்வி, முதியோரின் பராமரிப்பு யாவும் பாதிக்கப்படுகின்றன. கர்ப்பிணியின் சர்க்கரை அடுத்த தலைமுறையின் உடல்நலத்தையும் தொடுகிறது. பிளேக் காலத்தில், நோயாளியைக் குறை கூறுவதோடு நிற்காமல் தெருக்களை அகலப்படுத்திய நிர்வாகங்கள் நம் நாட்டில் இருந்தன. இன்று அகலப்படுத்தப்பட வேண்டியது பெண்ணுக்கு உரிய நேரமும், அவளது தட்டில் உள்ள பருப்பு, காய்கறிகளின் பங்குமாகும். குடும்பமும் உள்ளாட்சியும் அரசும் தத்தம் பங்கை ஏற்றால், நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்பது எட்டாத இலக்கு அன்று.